ஒரு கேன் தண்ணீர்

"பானெட்டைத் திற தம்பி. இன்ஜின் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லு."

சகின்பேக் அவ்வளவுதான் பேசினார். இறைச்சி வைத்துச் சுட்ட சூடான சம்சாப் பொட்டலத்தோடு அப்போதுதான் கடையிலிருந்து திரும்பியிருந்தார். பச்சை நிறப் பீட்டில் கார் வெயிலில் மினுங்கியது.

எர்மெக் வண்டியின் முன்பக்கம் போனான். பெகிமாய் நேற்றே எச்சரித்திருந்தாள். "அப்பாவுக்குப் பழைய வண்டின்னா உயிர். நாளைக்குப் பழைய கார் வச்சிருக்கவங்க கூட்டத்துக்கு உன்னை வரச் சொல்லியிருக்கார். அவருக்கு உன்னைப் பிடிச்சாத்தான் நம்ம கல்யாணம். தெரியாதுன்னு மட்டும் வாயத் திறந்துடாத!"

அவன் பல் மருத்துவன். பஸ்ஸில் வேலைக்குப் போய் பஸ்ஸில் திரும்புகிறவன். இருந்தாலும் துணிந்து முன்மூடியைத் தூக்கினான்.

உள்ளே ஒரு ஸ்டெப்னி டயர். ஒரு பழைய போர்வை. வேறொன்றும் இல்லை. வாயைத் திறந்தால் ஒரு பல்கூட இல்லாத மாதிரி இருந்தது.

திரும்பிப் பார்த்தான். சகின்பேக் சம்சாவைக் கடித்தபடியே அசையாமல் நின்றிருந்தார். மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. 

பக்கத்துச் சிவப்புக் காரிலிருந்து ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லரிசா. எந்த ஞாயிற்றுக்கிழமையும் இங்கே வரத் தவறாதவள்; இவர்கள் வந்ததுமே தன் பெயரைச் சொல்லி, இருவரும் யார், என்ன உறவு என்று விசாரித்திருந்தாள்.

"அண்ணே, மாப்பிள்ளைப் பையனை முதல் கேள்வியிலேயே கவுத்துட்டீங்களே! ஏம்ப்பா, இதுக்கு இன்ஜின் பின்னாடி இருக்கு! புதுசா வர்ற எல்லாரையும் இப்படித்தான் ஏமாத்துவோம்."

சகின்பேக் மெதுவாக சம்சாவை விழுங்கினார். மீசையைத் தடவிக்கொண்டார். 

முதல் பரீட்சையில் தோற்றாயிற்று என்று எர்மெக் நினைத்துக்கொண்டான்.

பாப்ளர் மரங்களுக்குக் கீழே வரிசையாகப் பீட்டில் கார்கள். மடக்கு மேஜைகளில் ரொட்டியும் தேநீரும். ஒருவர் வண்டியை இன்னொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் யாரையும் தெரிந்திருக்கத் தேவையில்லை, வண்டி இருந்தால் போதும். மதியத்துக்குமேல் எல்லாரும் வரிசையாக மலைப்பாதையில் ஒரு சுற்றுப் போவார்கள்.

சகின்பேக் வண்டியின் பின்பக்கம் போனார். அவர் குதிரை வைத்தியர். ஜீப்பில் ஊர் ஊராக அலைகிறவர். சினைக்குதிரையின் வயிற்றைத் தொடுவதுபோல மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பாருடா, கையாலேயே நாடி பாக்குறாரு!" என்றாள் லரிசா. "இவர்தான் அசல் ஆளு."

"சூடா இருக்கு" என்றார் சகின்பேக். எர்மெக்கை உற்றுப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

எர்மெக் யோசித்தான். சூடு என்றால் என்ன செய்வார்கள்? "தண்ணி ஊத்தணும் ஐயா."

பெரியவர் தலையசைத்து, பின்சீட்டைக் காட்டினார். அங்கே ஒரு கேன் நிறையத் தண்ணீர் இருந்தது. எர்மெக் அதைத் தூக்கிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

"ஐயோ, வயிறு வலிக்குது!" லரிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காத்துலயே ஆறுற இன்ஜின்யா இது! இங்க நிக்கிற எந்த வண்டிக்கும் ஒரு சொட்டுத் தண்ணி வேண்டாம். அண்ணே, பையனை மாட்டிவிடறதுக்குன்னே வீட்டுலேர்ந்து கேன் கொண்டாந்தீங்களா? பாவம், விட்டுடுங்க!"

சகின்பேக் கேனைப் பார்த்தார். மலைகளைப் பார்த்தார். மறுபடியும் மீசையைத் தடவினார்.

இரண்டாவதிலும் தோல்வி. எர்மெக் கேனைக் கீழே வைத்தான். பெகிமாயிடம் என்ன சொல்வது?

ஹாரன்கள் அலறின. வண்டிகள் புறப்பட ஆரம்பித்தன. சகின்பேக் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"மலைப்பாதை. நீயே ஓட்டு."

இதுதான் கடைசிப் பரீட்சை. எர்மெக் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். பெரியவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தான். பின்னாலிருந்து லரிசா ஹாரன் அடித்தாள். "மாப்பிள்ளே, கிளம்புய்யா! இன்ஜின் பின்னாடிதான் இருக்கு, தேடாத!"

அவனால் முடியவில்லை.

"ஐயா, எனக்கு ஓட்டவே தெரியாது. வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு இதுன்னா உயிர்னு பெகிமாய் சொன்னா. அதான் தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். பொய் சொல்லி அவளைக் கட்டிக்க வேண்டாம்னு தோணுது. மன்னிச்சுடுங்க."

சகின்பேக் கண்ணாடிக்கு வெளியே பனிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஹாரன் ஓயவில்லை. எர்மெக் கதவைத் திறந்து இறங்கப் போனான்.

பெரியவரின் தோள்கள் குலுங்கின. கோபமோ என்று பயந்து பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருடா. நம்ம ரெண்டு பேரையும் பேச வைக்க அவளுக்கு வேற வழி தெரியல போல. உனக்குப் பழைய வண்டின்னா உயிர்னு எங்கிட்ட சொன்னா! அதான் பக்கத்து வீட்டுக்காரன் கையைக் காலைப் பிடிச்சு இதை இரவல் வாங்கிட்டு வந்தேன். வழியெல்லாம் பின்னாடி சத்தம். சைலன்ஸர் ஓட்டைன்னு நினைச்சேன். என் ஜீப்புக்கு மாதிரி இதுக்கும் தண்ணி ஊத்தணும்னு கேனையும் தூக்கிட்டு வந்தேன்."

அவர் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார்.

"நீ பானெட்டைத் திறந்தப்போ எனக்கு மூச்சே நின்னுபோச்சு மாப்பிள்ளே. நான் சம்சா வாங்கப் போன நேரத்துல எவனோ இன்ஜினைக் கழட்டிட்டுப் போயிட்டான்னு நினைச்சேன்!"