விழுகிற படிப்பு

மண்கும்பானில் வெயில் சாய்கிறது. வேலிக்கு ஓலை வெட்ட ஏறிய கணவர் விழுந்து இறந்த பனையடியில் தவராணி குந்தியிருக்கிறாள். அந்த இடத்து மணலை உள்ளங்கையால் தடவித் தடவி மட்டப்படுத்துகிறாள். வெளிநாட்டில் ஈர்ப்பையும் காலவெளியையும் ஆராயும் மகள் யசோதினி, இப்போதுதான் வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் பக்கத்தில் நிற்கிறாள். மேலே, பாதி வெட்டிய மட்டையொன்று காற்றில் மரத்தோடு உரசிக்கொண்டேயிருக்கிறது. “பிள்ளை, நீ விழுறதைப் பற்றித்தானே படிக்கிறாய்? விழேக்கை கொப்பருக்கு நொந்திருக்குமோ?” “இல்லையம்மா. விழேக்கை ஆருக்கும் தன்ரை பாரமே தெரியாது. மிதக்கிற மாதிரித்தான் இருக்கும்.” தவராணியின் முகம் ஒரு கணம் தெளிகிறது. “அப்ப மிதந்துகொண்டோ வந்தவர்?” “ஓமம்மா.” மணலில் கை நிற்கிறது. “நிலத்திலை படேக்கை?” யசோதினி பையை இறக்கிவைத்துவிட்டுக் குந்தி, தானும் மணலைத் தடவுகிறாள்.