நாற்பது நிமிடத் தொலைவு

மாலை வெயில் ஜன்னல் வழியே நுழைந்து, காலியான விமானத்தில் ஒவ்வொரு இருக்கையாக உட்கார்ந்து பார்க்கிறது. துப்புரவுக்காரி முன்வரிசையிலிருந்து காகிதக் கோப்பைகளைப் பொறுக்கியபடி, சீட் பெல்ட்டுகளைக் குறுக்காக மடித்து வைத்துக்கொண்டே வருகிறாள். மலைக்கு அந்தப் பக்கத்து விமான நிலையத்தில் இதே விமானத்தில் இதே வேலையைச் செய்பவன் அவள் கணவன். இருநூற்றுப் பத்து கிலோமீட்டர்; பறந்தால் நாற்பது நிமிடம், பேருந்தில் ஒரு பகல் முழுக்க. இந்தப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுக்கிற கடைசி நாளை அவன் கோட்டை விட்டுவிட்டான். மூன்று நாளாக அவள் அவன் போனை எடுப்பதில்லை. "அக்கா, முடிஞ்சுதா? ஃபிளைட் திரும்ப அந்தப் பக்கம் கிளம்பணும்" என்று படிக்கட்டிலிருந்து மேற்பார்வையாளர் குரல் கொடுக்கிறார். "கடைசி வரிசைதான் சார்." யாரும் உட்காராத வரிசை அது, அவன் மடித்து வைத்தது மடித்தபடியே இங்கே வந்து சேரும். குனிந்தவள் அப்படியே நிற்கிறாள். ஜன்னலோர இருக்கையின் பெல்ட், பக்கத்து இருக்கையின் பெல்ட்டோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறது. இந்த வேலையில் இருப்பவர்கள் யாரும் செய்யாத தப்பு. மலைக்கு அப்பால் அவன் தொட்ட இடத்தில் விரலை வைக்கிறாள். வெயில் பட்டு வெதுவெதுவென்று இருக்கிறது. "ஆளைப் பாரு" என்று முணுமுணுக்கிறாள். கழற்றவில்லை. பட்டையின் நுனியைப் பிடித்து இழுத்து, இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு இறங்குகிறாள்.