முகாமுக்கு எதுக்கு ஸ்கூலு?

"ஆறு மாசத்துல ஊருக்குத் திரும்பிடுவாங்கன்னுதானே சார் சொன்னீங்க? அப்புறம் எதுக்கு ஸ்கூலு?"

தாம்பரத்தை அடுத்த ஒரு காலனியின் சங்கச் செயலாளர் ஜெயவேலு, மேஜையில் விரித்திருந்த வரைபடத்தில் 'பள்ளி' என்று எழுதியிருந்த கட்டத்தில் விரலை வைத்துக் குத்தினார். பக்கத்துப் புறம்போக்கில் இலங்கை அகதிகளுக்கு முகாம் வரப்போகிறது.

"இருக்கற வரைக்கும் குழந்தைங்க படிக்கணுமே," என்றார் எஞ்சினீயர் சுந்தரராமன்.

"இன்னா சார், கோயிலு, மார்க்கெட்டு, பஸ் ஸ்டாப்பு... ஊரையே கட்டிக் குடுத்தா எவன் திரும்பிப் போவான்? நாலு ஓலைக் கொட்டாய் பத்தாதா? எவன் சார் இந்த பிளானைப் போட்டது?"

சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு முன்னாடி இருந்த எஞ்சினீயர். அறுபத்தஞ்சுல போட்டது. நான் மேலே பேரை மட்டும்தான் மாத்தினேன்."

"அறுபத்தஞ்சுலயா? யாருக்கு?"

"பர்மாவிலேர்ந்து கப்பல்ல வந்து எறங்கினவங்களுக்கு. அதுவும் டெம்பரரி கேம்ப்னுதான் ஆரம்பிச்சுது. இது உங்க காலனியோட பிளான், சார்."

ஜெயவேலுவின் விரல் 'பள்ளி' என்ற கட்டத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கப்பலை விட்டு இறங்கிய வருஷம், அம்மா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்ட பள்ளிக்கூடம் அது.