தேறும் கால்

பூங்கோதையின் கணவன் செல்லமுத்து மாடிப்படியிலிருந்து விழுந்து ஏழு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். இடது காலில் உணர்வே இல்லை, அசைக்கவும் முடியவில்லை என்றான். தினமும் காலையில் அந்தக் காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டு, சோற்றை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, அவள் பனியன் கம்பெனிக்குத் தைக்கப் போவாள்.

சனிக்கிழமை மாலையில் பிசியோதெரபி செய்ய வரும் ஷர்மிளா, அவனுடைய இரண்டு கெண்டைக்கால்களையும் டேப்பால் அளந்தாள். மறுபடியும் அளந்தாள். போகும்போது பூங்கோதையை வாசலுக்கு அழைத்தாள்.

"அக்கா, நடக்காத காலு சூம்பித்தான் போகும். இது ரெண்டு மாசமா தேறிக்கிட்டே வருது."

"நான்தான் நிதம் நீவி விடுறேனே," என்றாள் பூங்கோதை பெருமையாக.

"நீவுனா சதை ஏறாதுக்கா. உடம்போட பாரத்தைத் தாங்கினாத்தான் ஏறும். குதிகாலையும் தொட்டுப் பாருங்க, நடக்கிறவங்க காலு மாதிரி காய்ச்சிக் கெடக்குது."

பூங்கோதை உள்ளே வந்தாள். செல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஏழு மாதமாக அவனுக்குப் பீ மூத்திரம் அள்ளிய கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். பகலில் எங்கே போகிறான்? யாரைப் பார்க்க? அவனுடைய இடது காலை எடுத்து மடியில் வைத்து மெதுவாக நீவினாள்.

"ஏனுங்க, திங்கக்கிழமையிலிருந்து நான் வேலைக்குப் போகலீங்க. பகல்லயும் உங்ககூடவே இருக்கேன்."

"உன் இஷ்டம்," என்றான் அவன், கண்ணைத் திறக்காமல், குரலும் மாறாமல்.

அவள் கைக்குள் இருந்த கெண்டைச் சதை மட்டும் கல்லாக இறுகியது.