வழியில் இருக்கும் சரக்கு

மேனேஜர் கூப்பிடுகிறார் என்று தெரிந்ததும் டீச்சர் செய்த முதல் காரியம், மேசை டிராயரைக் காலி செய்ததுதான். மூக்குக்கண்ணாடிக் கூடு, சார்ஜர், தண்ணீர் பாட்டில் எல்லாம் கைப்பைக்குள் போயின. எப்படியும் போகச் சொல்லப்போகிறார். சொன்ன பிறகு எல்லார் கண் முன்னாலும் இதையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டாமே.

"என்ன மேடம், லீவா?" என்றான் பக்கத்து சீட்டுக்காரன்.

"இனிமே லீவுதான்."

பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கணினிப் படிப்புக்குக் கொடுத்து, பாஸ் செய்து, தொழில்நுட்ப ஆலோசனை சொல்லும் இந்தக் கம்பெனியில் கன்சல்டன்ட்டாகச் சேர்ந்திருந்தார். ஊரில் உள்ள கம்பெனிகளுக்குப் புது சாஃப்ட்வேர் அமைத்துக் கொடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டும். வேலை நிரந்தரமா இல்லையா என்பது இந்த வாரம் தெரிந்துவிடும்.

நிரந்தரம் இல்லையென்றால் திரும்பிப் போக இடமில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்தாயிற்று. "அங்க மணி அடிச்சா வீட்டுக்கு வந்துடலாம். இங்க யார் அண்ணி மணி அடிப்பாங்க?" என்று பள்ளிக்கூட வேலையை விட்ட அன்றைக்கே நாத்தனார் கேட்டாள். இன்றைக்கு அடித்துவிட்டார்கள்.

சேர்ந்த அன்றே மேனேஜர் எச்சரித்திருந்தார். "நீங்க டீச்சரா இருந்தது இந்த ரூமோட இருக்கட்டும் மேடம். நமக்கு வர்ற ஆளுங்க எல்லாம் பெரிய ஆளுங்க. பாடம் எடுக்கிற மாதிரி இருந்தா மதிக்க மாட்டாங்க."

அன்றிலிருந்து டீச்சர் நாக்கைக் கட்டித்தான் வைத்திருந்தார். இன்று காலை கட்டு அவிழ்ந்துவிட்டது.

வந்திருந்தவர்கள் மருந்து மொத்த வியாபாரக் கம்பெனிக்காரர்கள். ஒரு கோடவுனிலிருந்து கிளம்பி இன்னொரு கோடவுனுக்கு இன்னும் போய்ச் சேராத சரக்கு, புது சாஃப்ட்வேரில் எந்தக் கணக்கில் நிற்கும் என்பது கேள்வி. டீச்சர் போர்டில் இரண்டு கட்டம் போட்டு, நடுவில் அம்புக்குறி இழுத்து விளக்கினார். அவர்களுடைய கோடவுன் சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம். அவங்களுக்குப் புரியல" என்றார் மேனேஜர், பின்வரிசையிலிருந்து.

இன்னொரு தடவை சொன்னார். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் புரியல அவங்களுக்கு. வேற மாதிரி சொல்லிப் பாருங்க."

வேண்டுமென்றே மானத்தை வாங்குகிறார் என்று டீச்சருக்கு ஆத்திரமாக வந்தது. அந்த வேகத்தில் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டார். "இந்த மேசை ஒரு கோடவுன். அந்த மேசை இன்னொரு கோடவுன். பாட்டில் இங்கேருந்து கிளம்பிடுச்சு, அங்க போய்ச் சேரல. இப்ப எங்க இருக்கு? எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க!"

வாயை விட்டுப் போன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் அத்தனை வழுக்கைத் தலைகளும் ஒரே குரலில் "கையில!" என்று கத்திவிட்டன. சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் அறையை நோக்கி டீச்சர் நடந்தார். பள்ளிக்கூடமும் போச்சு, இதுவும் போச்சு. நானும் வழியில் நிற்கிற சரக்குதான் என்று தோன்றியபோது அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

"கதவைச் சாத்துங்க" என்றார் மேனேஜர். எழுந்து போய்த் தன் கையாலேயே கண்ணாடிச் சுவரின் திரையை இறக்கிவிட்டார். "உங்க ஃபைல்ல கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டேன்."

முடிந்தது கதை. டீச்சர் முந்திக்கொண்டார். "நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன் சார். தப்புதான். பழக்க தோஷம். பெரியவங்களை நிக்க வச்சுக் கேள்வி கேட்ட மாதிரி ஆயிடுச்சு..."

"அதை விடுங்க. காலையில வச்சிருந்தீங்களே, அந்த பாட்டில் எங்க?"

குற்றத்துக்குச் சாட்சி வேறா? டீச்சர் கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். மேனேஜர் தன் மேசைமேல் கிடந்த பேப்பர்களையெல்லாம் அள்ளி ஓரம் கட்டினார். இந்த முனையில் பேனா ஸ்டாண்டையும் அந்த முனையில் காபிக் கோப்பையையும் வைத்தார்.

"இது ஒரு கோடவுன். அது ஒரு கோடவுன். பையைக் கீழ வச்சுட்டு உக்காருங்க, நீங்க எங்கயும் போகப் போறதில்ல. காலையில சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க."

"சார்... புரியலைன்னு சொன்னவங்கதான் கிளம்பிப் போயிட்டாங்களே?"

மேனேஜர் சாத்தியிருந்த கதவை மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அவங்களுக்கு முதல் தடவையே புரிஞ்சிடுச்சு டீச்சர். எனக்குத்தான் இன்னும் புரியல."