யூலாலியின் ஆட்சேபணை

“எனக்கு ஆட்சேபணை இருக்கு!”

விசாரணை ஆரம்பிக்கும் முன்பே எழுந்துவிட்டார் வக்கீல் யூலாலி. வக்கீல்கள் ஒழுங்குக் குழுவின் முன்னால் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவர் அவர்தான். தோரணையைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

“யார் மேல?” என்றார் தலைவர் மாத்யூரின், சலிப்பாக.

“உங்க மேலதான். நீங்க மார்கரீட் பூ சங்கம், நான் ரோஜாப் பூ சங்கம். போன விழாவில எங்க ராணிக்குத் தவளைக் குரல்னு பாட்டுக் கட்டிப் பாடினது யாரு? நீங்க எனக்கு நியாயம் சொல்வீங்கன்னு எப்படி நம்பறது?”

மாத்யூரின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனார்.

“சரி, நான் விசாரிக்கிறேன்” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார் போலியஸ் அம்மாள்.

“நீங்களும் கூடாதும்மா. நீங்க எங்க ரோஜா சங்கம். நாளைக்கு என்னை விட்டுட்டா, சொந்தச் சங்கத்துக்காரிக்கு வளைஞ்சு கொடுத்துட்டீங்கன்னு ஊரே சிரிக்கும்.”

போலியஸ் அம்மாளும் போய்விட்டார்.

அவ்வளவுதான், விசாரணை தள்ளிப் போனது. அடுத்த முறை வேறு வக்கீல்களை உட்கார வைத்தார்கள். மார்கரீட் என்றால் எதிரி, ரோஜா என்றால் வேண்டியவர் என்று அவர்களையும் கிளப்பிவிட்டார் யூலாலி. செயின்ட் லூசியா தீவில் பிறந்துவிட்டு, பாட்டுக்குப் போட்டி போடும் இந்த இரண்டு பூச் சங்கங்களில் ஒன்றிலும் சேராத வக்கீலை எங்கே போய்த் தேடுவது?

யூலாலி எப்போதுமே இப்படித்தான். ஒரு வழக்கில் ஆட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி நீதிபதியின் தாளைத் தின்ன வைத்தவர். ஆனால் இந்த முறை விஷயம் விளையாட்டில்லை.

ஹோட்டல் முதலாளி ஆல்சிண்டோரின் மனைவி இறந்து போனாள். அவளுடைய முதல் கல்யாணத்து மகள் ஷெர்மாவை வளர்த்தது அவர்தான். அந்தப் பெண் காணாமல் போய்விட்டாள். போவதற்கு முன்னால் அவள் படியேறியது யூலாலியின் அலுவலகத்தில்!

“கட்சிக்காரர் சொன்னதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்று, ஆல்சிண்டோர் இழுத்துப் போன கோர்ட்டிலேயே மறுத்துவிட்டார் யூலாலி. ஆல்சிண்டோரின் புகார் ஒழுங்குக் குழுவுக்கு வந்தது. விசாரணை ஆரம்பித்தால் முதல் கேள்வியே, பெண் எங்கே என்பதுதான். பதில் சொல்லாவிட்டால் வக்கீல் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

“பெத்தா மட்டும்தான் பொண்ணா?” என்று ரேடியோவில் அழுதார் ஆல்சிண்டோர். கேட்ட நாங்களும் அவர் பக்கம் சாய்ந்தோம்.

“பிள்ளை பிடிக்கிறவளுக்குக் கறுப்பு அங்கி ஒரு கேடா?” என்று சந்தையில் ஈரப்பலா விற்கிறவள் யூலாலியின் காதுபடவே கேட்டாள்.

“நல்ல பழமாப் பார்த்துக் கொடு. திட்டு வாங்கினா எனக்குப் பசிக்குது” என்றார் யூலாலி.

கடைசியில் ஆல்சிண்டோர் விடாமல் முட்டி மோதியதில், பக்கத்துத் தீவான பார்படோஸிலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி கிரீவ்ஸ் வந்து இறங்கினார். அவருக்கு ரோஜாவும் தெரியாது, மார்கரீட்டும் தெரியாது.

அன்று ஒழுங்குக் குழுவின் கூடத்தில் நிற்க இடமில்லை. வெளியேற்றப்பட்ட வக்கீல்கள் எல்லோரும், ஈரப்பலா விற்கிறவளும்கூட, வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

“ஆட்சேபணை உண்டா?” என்றார் கிரீவ்ஸ்.

“இல்லைங்க ஐயா.”

“பைபிள்ல கை வச்சுச் சொல்லுங்க. பொண்ணு எங்க?”

“வாசல்ல நிக்குறா.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷெர்மா உள்ளே வந்தாள்.

“வா கண்ணு, வீட்டுக்குப் போகலாம்!” என்று பாய்ந்தார் ஆல்சிண்டோர்.

“வர மாட்டேன். நேத்து எனக்குப் பதினெட்டு முடிஞ்சுது. இனிமே என்னைப் பிடிச்சு உங்ககிட்ட ஒப்படைக்க ஒரு கோர்ட்டாலயும் முடியாது.”

சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். தோள் வரைக்கும் பெல்ட்டுத் தழும்பு.

ஆல்சிண்டோர் வந்த வழியே நழுவினார். ஈரப்பலா விற்கிறவள் அவர் போகும்போது காறித் துப்பினாள்.

ஆனால் கிரீவ்ஸ் அசையவில்லை.

“பொண்ணு பிழைச்சது சந்தோஷம். அவளை ஒளிச்சு வச்சது வேற விஷயம். பூ, பாட்டுன்னு சொல்லி ஒழுங்குக் குழுவையே கேலிக்கூத்து ஆக்கினது அதைவிடப் பெரிய விஷயம். இதுக்கு உங்க பேரை அடிச்சே ஆகணும். ஏதாவது சொல்லணுமா?”

யூலாலி சொல்வதற்கு நிறைய இருந்திருக்கும். ஆனால் அவர் அங்கியைக் கழற்றத் தொடங்கினார்.

“போட்டுக்கோ யூலாலி!” பின்வரிசையிலிருந்து மாத்யூரின் எழுந்தார். “ஐயா, அந்தப் பொண்ணு முதல்ல ஒளிஞ்சிருந்தது என் வீட்டுல. ஒளிச்சு வச்ச நானே எப்படி விசாரிக்கிறது? உண்மையான காரணத்தைச் சொன்னா பொண்ணு மாட்டிக்குவா. அதனாலதான் இவ பூவைச் சொன்னா.”

“அப்புறம் என் வீட்டுல இருந்தா” என்று எழுந்தார் போலியஸ் அம்மாள்.

“அதுக்கப்புறம் எங்க வீட்டுல.” இன்னொருவர்.

ரோஜா, மார்கரீட் என்று பார்க்காமல், யூலாலி விரட்டிய அத்தனை பேரும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஷெர்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

கிரீவ்ஸ் பேனாவை மூடினார்.

“அம்மா, அங்கியை மாட்டுங்க. உங்க பேரை அடிச்சா இவங்க எல்லார் பேரையும் அடிக்கணும். அப்புறம் இந்தத் தீவுல, அந்த ஆல்சிண்டோர் மேல வழக்குப் போட இந்தப் பொண்ணுக்கு ஒரு வக்கீல்கூடக் கிடைக்க மாட்டாங்க!”