வெயில் வராத ஜன்னல்

குளியலறை வாசலில் அம்மா நின்றுவிட்டாள். நிலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

குளிக்கக் கூப்பிட்டால் வரமாட்டாள். போன ஐப்பசியில் ஒருநாள் மகள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தபோது, அம்மா போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். யாரோ ஒரு பொம்பளை தன்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்று அவரிடம் அழுதாள்.

அதற்குப் பிறகுதான் மகள் செடிகளைக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

"செடிக்குத் தண்ணி ஊத்தோணும். வாங்கம்மா."

அம்மாவின் பிடி தளர்ந்தது.

"ஆமாமா. காஞ்சு போயிருமில்ல."

உள்ளே வந்து பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் திட்டில் மணி பிளான்ட். தரையில் மூன்று தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். பாதித் தண்ணீர் மடியில் சிந்தியது.

நனைந்த சேலையை மகள் மெதுவாக அவிழ்த்தாள். வெந்நீரைத் தோளில் ஊற்றினாள்.

அம்மாவின் கண் செடியில் இருந்தது. முதுகு மகளிடம் இருந்தது.

அப்படித்தான் இத்தனை மாதமும் ஓடியது.

அந்த ஜன்னலுக்கு வெளியே குழாய்கள் இறங்கும் சந்து. அங்கே வெயில் வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், அம்மா தூங்கும்போது, மகள் பால்கனித் தொட்டிகளை உள்ளேயும் உள்ளே இருப்பவற்றை வெளியேயும் மாற்றி வைப்பாள். போன ஞாயிறு அம்மாவுக்குக் காய்ச்சல், தூங்கவே இல்லை. மாற்ற முடியவில்லை.

அம்மா ஒரு மஞ்சள் இலையைத் தொட்டாள். அது கையோடு வந்துவிட்டது.

"இதுக்கு வெளிச்சமே பத்தலீங்களே."

மகளை 'ங்க' போட்டுப் பேசத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது.

"வெளிய எடுத்து வெக்கறனுங்கம்மா."

"என்ற புள்ள இருந்தா இப்பிடி விடமாட்டா. வளர்மதின்னு பேரு. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

சோப்புக் கை முதுகில் நின்றது.

"தெரியுங்கம்மா."

அம்மா கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அவகிட்ட மட்டும் சொல்லீராதீங்க."

"என்னத்தைங்கம்மா?"

"நீங்க எனக்குத் தண்ணி வாக்கறத. இன்னொருத்தரு கையால குளிக்கற நெலமைக்கு நான் வந்துட்டேன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டாளுங்க. சின்னதுல இருந்தே எளகுன மனசு. நான் ஒருநாள் காய்ச்சல்னு படுத்தாலே சோறு திங்கமாட்டா."

சந்தில் எந்த வீட்டுத் தண்ணீரோ சளசளவென்று இறங்கிப்போயிற்று.

"சொல்லமாட்டனுங்கம்மா."

அம்மாவுக்கு அது போதவில்லை. ஈரக் கையை மலர்த்தி நீட்டினாள்.

"சத்தியம் பண்ணுங்க."

வளர்மதி நுரை படிந்த தன் கையை அந்தக் கைமேல் வைத்தாள்.

அம்மா அதை இறுக்கிப் பிடித்தாள். அப்புறம் ஒரு பெரிய வேலை முடிந்த மாதிரி மூச்சு விட்டாள்.

"நல்ல மனுசிங்க நீங்க. உங்க அம்மா குடுத்து வெச்சவங்க."

சொல்லிவிட்டு, தலைக்கு ஊற்றச் சொல்லித் தானாகவே குனிந்து கொடுத்தாள்.

வளர்மதி ஊற்றினாள்.

பிறகு, வாளி நிறைந்தே இருந்தபோதும், குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.